வராதவருக்கு வைத்த பீங்கான்

பல்லேபொலைக்கு அப்பால், கொக்கோ மரங்களின் நடுவே நின்ற அந்த வீட்டின் கூரையைப் பற்றிப் பேசிச் சிரிக்காதவர் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. அவ்வளவு செங்குத்தான கூரை. "பனிக்கட்டி விழுந்தா வழுக்கிக் கீழ போகணும்," என்று அதைக் கட்டிய துரை தமிழிலேயே விளக்கம் சொன்னார். மாத்தளையில் பனிக்கட்டி விழுந்ததை யார் கண்டார்? கூரையின் உச்சியில் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றையும் அவர் படுக்கவைத்துக் கட்டியிருந்தார். அவருடைய ஊரில் நாரைகள் வந்து அத்தகைய சக்கரத்தில் கூடு கட்டுமாம். இங்கே காகங்கள் கட்டின.

துரையின் பெயர் ஸ்தெபான். போலந்து நாட்டு விவசாயி ஒருவரின் மகன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஊரையும் உறவையும் இழந்து, கையிலிருந்த கடவுச்சீட்டு செல்லாக் காகிதமாகி, இந்தியாவில் ஓர் அகதி முகாமில் ஐந்தாண்டுகள் கிடந்து, மனைவி ஹெலேனாவோடு 1948இல் இலங்கையில் வந்து இறங்கியவர். முதலில் பிறருடைய தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்தார். பின்னர் இந்தக் கொக்கோத் தோட்டம் அவருடையதாயிற்று. தம் தகப்பனாரின் பண்ணை வீடு எப்படி இருந்ததோ, அப்படியே நினைவிலிருந்து ஒரு வீட்டைக் கட்டினார். தோட்டத்து மக்கள் அதற்குப் 'போலந்து பங்களா' என்று பெயரிட்டார்கள்.

அந்தப் பங்களாவின் குசினிக்கு முத்துவீரன் வேலைக்குப் போனது 1959ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது பதினேழு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், குசினியை ஒட்டியிருந்த பின்னறைக்குத் தம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிபோனார். தோட்டத்தில் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரும் செக்ரோல் என்ற பதிவேட்டில் இருந்தது. வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை அதை உரக்க வாசிப்பார். பங்களா ஆட்களின் பெயர் அதில் வராது. துரைசாணி ஹெலேனாவின் வீட்டுக் குறிப்பேட்டில் மட்டுமே வரும். இதை முத்துவீரன் பெரும் கௌரவமாகக் கருதினார். லயத்துக்குப் போனாலும் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புவாரே தவிர, உள்ளே போய் உட்காரமாட்டார். ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்.

அவர் வயதை ஒத்த பாப்பம்மா, கொக்கோ உடைக்கும் இடத்தில் அவரைக் கண்டால் விடமாட்டாள்.

"பெரட்டுல பேர் கூப்பிட்டாத்தான் மனுசன். ஒன்னய யாரு கூப்பிடுறா?"

"என்னைய மணி அடிச்சில்ல கூப்பிடுறாங்க."

"அடேங்கப்பா! மாட்டுக்குக்கூட மணி அதோட கழுத்துலதான் இருக்கு. ஒனக்குக் குசினிச் சுவத்துல கட்டியிருக்கா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரிப்பார்கள். முத்துவீரனும் சிரிப்பார். ஆனால் மனத்துக்குள், இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டின் கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு முந்திய மாலை, துரைசாணி அவரை அழைத்து மேசை போடக் கற்றுக்கொடுத்தார். விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்புவது அவர்களுடைய ஊர் வழக்கம். வைக்கோலுக்குப் பதிலாக மானாப்புல்லை அறுத்துப் பரப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் துரை, துரைசாணி, அவர்களுடைய மகன் யான் ஆகிய மூவர். மேசையில் வைக்கச் சொன்ன பீங்கான் தட்டுகளோ நான்கு.

"நாலாவது யாருக்குங்க தொரசாணி?"

"வராதவருக்கு. யாராவது வழி தெரியாம வந்தா, இடம் இல்லேன்னு சொல்லக் கூடாது. அதுக்கு ஒரு பீங்கான் எப்பவும் கூட இருக்கணும்."

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவார்கள். நட்சத்திரத்தைப் பார்த்துவந்து சொல்வது முத்துவீரனின் வேலையாயிற்று. அவர் வந்து சொன்னதும், துரை காகிதம் போன்ற மெல்லிய அப்பத்தை எடுத்து, மனைவிக்கும் மகனுக்கும் நீட்டிய பிறகு, குசினி வாசலில் நின்ற அவரிடமும் நீட்டினார்.

"உடை, முத்துவீரன். உனக்கும் கடதாசி இல்ல, எனக்கும் கடதாசி இல்ல. நம்ம ரெண்டு பேரும் ஒரு சாதி."

அவ்வளவு பெரிய மனிதர் தம்மைச் சேர்த்து 'நம்ம' என்று சொன்னதை முத்துவீரன் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் அந்த வீட்டில் வாழ்நாள் முழுவதும் இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

1961ஆம் ஆண்டு நத்தாருக்குக் கண்டியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அந்த மேசையைப் படம் எடுத்தார். துரை, துரைசாணி, யான், வெற்று நாற்காலி. அதன் அருகே, பீட்ரூட் சூப் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு முத்துவீரன். துரை அந்தப் படத்துக்குச் சட்டமிட்டுச் சாப்பாட்டறையில் மாட்டினார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் துரைக்கு இலங்கைக் குடியுரிமைக் கடதாசி கிடைத்தது. அடுத்த ஆண்டில், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்த தோட்டத்து மக்கள் எல்லாரும் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். முத்துவீரனும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, துரையிடம் கொண்டுபோய்க் காட்டினார். துரை அதை வாசித்தார், சிரித்தார்.

"உனக்கு எதுக்கு இது? நீ என் வீட்டு ஆள். இந்த வீடுதான் உன் கடதாசி."

சொல்லிவிட்டு, அந்த விண்ணப்பத்தை எட்டாக மடித்து, நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். மேசை ஆட்டம் நின்றது. முத்துவீரனுக்கும் அது வேடிக்கையாகவே பட்டது.

1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது. ஐம்பது ஏக்கரும் வீடும் துரையிடம் தங்கின. மீதித் தோட்டமும் லயங்களும் செக்ரோலும் அரசாங்கத்தோடு போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, முத்துவீரனின் அண்ணன் நடராஜா இந்தியக் கடவுச்சீட்டோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மாத்தளைப் புகையிரத நிலையத்தில் பெட்டி படுக்கைகளும் அழுகையுமாக இருந்தது.

"கடைசியாக் கேக்குறேன் தம்பி. நீ எந்த நாட்டு ஆளு?"

"நான் பங்களா ஆளுண்ணே."

"பங்களா ஒரு நாடாடா?" நடராஜா தலையில் அடித்துக்கொண்டார். "அவுங்க ஒன்னய விட்டா நீ எங்கடா போவ?"

"அவுங்களா விடுவாங்க?"

புகைவண்டி நகர்ந்தபோது நடராஜா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். முத்துவீரன் அந்தக் கையைத் தொட்டார். அதன்பின் சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை.

துரை 1978இல் காலமானார். ஐந்தாண்டுகளில், தமிழரைத் தேடித் தாக்கிய எண்பத்துமூன்று ஜூலைக் கலவரம் வந்தது. மாத்தளை நகரம் எரிந்த புகை பல்லேபொலை வரை தெரிந்தது. அன்று பகல் துரைசாணி செய்த காரியங்களை முத்துவீரன் சாகும்வரை மறக்கமாட்டார். முதலில், இருபத்துநான்கு ஆண்டு வீட்டுக் குறிப்பேடுகளையும் அடுப்பில் போட்டு எரித்தார். அவற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்துவீரன் என்ற தமிழ்ப் பெயர் இருந்தது. பிறகு அவரைக் கொக்கோ காயவைக்கும் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாக்குகளின் அடியில் படுக்கவைத்தார். கும்பல் வந்தபோது, ஒன்பது வயதுப் பேத்தி ஈவாவின் கையைப் பிடித்தபடி வாசற்படியில் போய் நின்றார். தமிழன் எங்கே என்று கேட்டார்கள்.

"இந்த வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை," என்றார் துரைசாணி, திருத்தமான சிங்களத்தில்.

சாக்குக்கு அடியில் கிடந்த முத்துவீரனுக்கு அந்த வாக்கியம் எழுத்தெழுத்தாகக் கேட்டது. அதைக் காட்டிலும் இனிய சொல்லை அவர் அதுவரை கேட்டதில்லை. கும்பல் போன பிறகு கொட்டகைக்கு முதலில் ஓடிவந்தவள் ஈவா.

"முத்து மாமா! ஆச்சி பொய் சொன்னாங்க! ஆச்சி பொய் சொன்னாங்க!"

"சத்தம் போடாத பேபி. அது பொய் இல்ல."

துரைசாணி 1991இல் மறைந்தார். நாட்டு நிலைமைக்கு அஞ்சி, மகன் யான் ஈவாவையும் கூட்டிக்கொண்டு ஏற்கெனவே அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார். "வீட்டைப் பார்த்துக்கொள்," என்று தொலைபேசியில் சொன்னார். முத்துவீரன் பார்த்துக்கொண்டார். பதினோராண்டுகள் தனியாக. மழைக்கு முன் கூரையில் ஏறி ஓடு மாற்றினார். கறையான் ஏறிய நிலைகளைச் செதுக்கி எண்ணெய் பூசினார். தேங்காய்ப் பொச்சை வெட்டித் தரை தேய்த்தார். காகங்கள் கலைத்த சக்கரத்தை இருமுறை ஏற்றிக் கட்டினார். ஆண்டுதோறும் நத்தார் மாலையில், யாருமில்லாத வீட்டில், மானாப்புல் பரப்பி மேசை போட்டு, முதல் நட்சத்திரம் பார்த்துவந்து, ஒரேயொரு பீங்கானை வைத்தார். அடையாள அட்டை இல்லாதபடியால், சோதனைச் சாவடி இருந்த நாவுலைப் பக்கம்கூட அந்த ஆண்டுகளில் அவர் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவுமில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து, உள்நாட்டு யுத்தம் ஓய்ந்திருந்தது. வெளிநாட்டார் வரத் தொடங்கினார்கள். ஈவாவும் வந்தாள். இருபத்தெட்டு வயது. வீட்டைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிட்டாள். மூன்று மாதங்களில் அது விடுதியாயிற்று. பாட்டியின் கரண்டி முதற்கொண்டு ஒவ்வொரு பொருளின் அருகிலும் அதன் வரலாறு எழுதிய சிறு அட்டை வைக்கப்பட்டது. முத்துவீரன் முட்டைக்கோஸ் பொதிந்து செய்த கோவாக் கொழுக்கட்டைக்குக்கூட, போலந்துப் பெயரோடு ஓர் அட்டை இருந்தது.

வந்த விருந்தினரிடம் ஈவா ஆங்கிலத்தில் சொல்வாள்: "பதினோராண்டுகள் இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அதிசயம்!" பரிமாறிக்கொண்டிருந்த முத்துவீரனுக்குப் பங்களா ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். வியாபாரத்துக்குச் சொல்கிறாள், சின்னப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

மறு ஆண்டு, கோத்தகிரியிலிருந்து நடராஜாவின் கடிதம் வந்தது. எழுத்து மகளுடையது. 'அப்பாவுக்கு எழும்ப முடியவில்லை. சித்தப்பாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார்.' போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குக் குடியுரிமை வேண்டும். அந்த ஆண்டு ஒரு புதிய சட்டமும் வந்திருந்தது: 1964 ஒக்டோபர் முதல் இங்கேயே வாழ்ந்துவரும் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் அப்படி வாழ்ந்ததை ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும்.

முத்துவீரனுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஈவாவிடம் போனார்.

"பேபி, ஒரு கடிதம் வேணும். நான் ஐம்பத்தொம்பதுலேருந்து இங்கேயே இருக்கேன்னு."

"அதுக்கென்ன, எழுதித் தாறேன். அடுத்த கிழமை."

அடுத்த கிழமை விருந்தினர் நிறைய வந்தார்கள். அதற்கடுத்த கிழமை ஈவா கண்டிக்குப் போயிருந்தாள். அப்படியே இரண்டு மாதங்கள் போயின. கடைசியில் முத்துவீரன் தாமாகவே மாத்தளை நகரத்துக்குப் பஸ் ஏறி, மிளகு வியாபாரியும், சான்றுப் பத்திரம் எழுதும் அதிகாரம் பெற்ற சமாதான நீதவானுமான அப்துல் ஸமத் ஹாஜியாரின் கடைக்குப் போனார்.

"கடிதம் இல்லாட்டிப் பரவாயில்ல," என்றார் ஹாஜியார். "அந்தப் புள்ள வாயால சொன்னாலே எனக்குப் போதும். ஆனா தெரியாதத தெரியும்னு எழுதமாட்டேன். அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும். இந்தா, இப்பவே கேக்குறேன்."

தொலைபேசியைச் சுழற்றினார். முத்துவீரன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.

"ஓ மகள்... முத்துவீரன்னு ஒருத்தர்... ஐம்பத்தொம்பதுலேருந்து ஒங்கட வீட்டுலயே குடியிருக்கிறதா சொல்றாரு... ஆ... அப்படியா... சரி மகள்."

ஹாஜியார் தொலைபேசியை மெதுவாக வைத்தார். எதிரே இருந்தவர் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அந்தக் காலத்துல இந்த வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லேன்னு சொல்றா. வேலைக்கு வந்து போற ஆளாம். ஒரு வருசமாத்தான் தெரியுமாம்."

முத்துவீரன் சட்டைப் பொத்தானை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்படி ஒருத்தரும் இல்ல... அந்த வார்த்தையவே சொன்னாங்களா ஹாஜியார்?"

"அந்த வார்த்தையத்தான் சொன்னா."

பங்களாவுக்குத் திரும்பிய முத்துவீரன் நேராகச் சாப்பாட்டறைக்குப் போனார். மேசையின் காலடியில் குனிந்து பார்த்தார். எட்டாக மடித்த விண்ணப்பம் அங்கே இல்லை. விடுதி வேலைக்கு வந்த கண்டித் தச்சர்கள் புதிய இறப்பர்க் கட்டையை வைத்திருந்தார்கள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். 1961ஆம் ஆண்டுப் படம் பொன்னிறச் சட்டத்தில் பளபளத்தது. துரை, துரைசாணி, யான், வெற்று நாற்காலி. சட்டத்தின் ஓரத்தில், சூப் கிண்ணத்தின் அடியில், ஒரு கை. மணிக்கட்டு வரை. அவ்வளவுதான்.

இத்தனை மாதங்களாக அந்தப் படத்தின் கீழேதான் அவர் பரிமாறி வந்தார். ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஈவா உள்ளே வந்தாள். அவரைக் கண்டதும் நின்றாள்.

"இந்தக் கை யாரோடது பேபி?"

"ஸ்டூடியோக்காரன் ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி வெட்டிட்டான். நான் வெட்டச் சொல்லல்ல."

"ஹாஜியாருக்கிட்டச் சொன்னது?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "லோயர் சொன்னாரு. நீங்க அத்தன வருசம் இங்க குடியிருந்தீங்கன்னு நான் ஒத்துக்கிட்டா, அந்தப் பின்னறை ஒங்களுக்கே சொந்தம்னு நாளைக்கு யாராவது வழக்குப் போடலாமாம். அத நான் ரூமா மாத்தப் போறேன். எனக்கு வேற வழி தெரியல்ல. நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க? நான் ஒங்கள வெளிய போகச் சொல்லல்லயே?"

"அறைய யாரு கேட்டா? எங்கண்ணனப் பாக்கப் போகணும்னுதானே கேட்டேன்."

"விளங்குது, முத்துவீரன்."

முத்து மாமா என்று அழைத்த வாய்தான் அது. என்று முதல் அது மாறியது என்று அவர் யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. கையிலிருந்த குடையைச் சுவரோரம் சாத்திவிட்டுக் குசினிக்குப் போனார். பகல் உணவுக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். அன்று அவர் வைத்த குழம்பில் உப்பும் புளியும் வழக்கம்போலவே அளவாக இருந்தன.

ஹாஜியார் வேறொரு வழி சொல்லியிருந்தார்: செக்ரோலில் பெயருள்ள பழைய ஆள் யாராவது நேரில் வந்து சாட்சி சொன்னால், எழுதலாம். இரண்டு நாள் தயங்கிய பின்னர், முத்துவீரன் லயத்துக்குப் போனார். பாப்பம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. வாய் மட்டும் மாறவில்லை.

"வாங்க பங்களாக்காரரே! என்ன, மணி அடிக்கலையா இன்னைக்கு?"

முத்துவீரன் நடந்ததை எல்லாம் சொன்னார். பாப்பம்மா முழுவதையும் கேட்டாள். கோடரியைக் கீழே போட்டாள்.

மறுநாள், கடைக்கு வந்த பாப்பம்மாவிடம் ஹாஜியார் கேட்டார்: "இவர அறுபத்துநாலுக்கு முந்தியே ஒங்களுக்குத் தெரியுமா? நிச்சயமா?"

"தெரியாம என்னங்கய்யா? ஐம்பத்தொம்பதுல பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பங்களாவுக்குப் போச்சு இந்த ஆளு. அன்னையிலேருந்து எங்க லயத்துல ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல. நாப்பத்துநாலு வருசம்! அப்படி ஒரு ஆள எப்படிங்கய்யா மறப்பேன்?"

ஹாஜியார் சிரித்துவிட்டார், பேனாவை எடுத்தார். முத்துவீரனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பாப்பம்மா மைதடவிய பெருவிரலைத் தாளில் அழுத்தியதை அவர் தலைகுனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்காத வீட்டிலிருந்து சாட்சி வந்தது. அப்பம் உடைத்த வீட்டிலிருந்து வரவில்லை. திரும்பும் வழியில் லயத்து வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி தா," என்றார். பாப்பம்மா செம்பை நீட்டினாள்.

டிசம்பர் இருபத்துநான்காம் திகதி வந்தது. விடுதி நிரம்பியிருந்தது. ஈவா பல மாதங்களாக விளம்பரம் செய்திருந்த விருந்து அது: பன்னிரண்டு வகை உணவு, மானாப்புல் பரப்பிய மேசை, முதல் நட்சத்திரம், வராதவருக்கு ஒரு பீங்கான். காலையில் முத்துவீரன் தம் தகரப் பெட்டியைப் பாப்பம்மாவின் மகன் கொடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு சமைத்தார். குளத்து மீன், காளான், பீட்ரூட் சூப், கோவாக் கொழுக்கட்டை. எதிலும் குறை வைக்கவில்லை. மேசை போட்டார். கொல்லைக்குப் போய் வானத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே நட்சத்திரம் தெரிந்ததும் வந்து சொன்னார்.

விருந்தினர் பதினொருவரும் ஈவாவும் உட்கார்ந்தார்கள். ஈவா எழுந்து, வழக்கத்தின் கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். வெற்று நாற்காலியைக் காட்டக் கை நீட்டியவள் பாதியில் நின்றாள். மேசையில் பன்னிரண்டு பீங்கான்களே இருந்தன. விருந்தினர் அவளுடைய கை போன திசையைப் பார்த்தார்கள். குசினி வாசலில், சூப் கிண்ணத்தை ஏந்தியபடி முத்துவீரன் நின்றார்.

"முத்துவீரன்," என்றாள் தமிழில், தாழ்ந்த குரலில். "ஒரு பீங்கான் குறையுதே. வராதவருக்கு வைக்கல்லயா?"

முத்துவீரன் மேசையைச் சுற்றி வந்து, முதல் விருந்தினரின் பீங்கானில் நிதானமாகச் சூப்பை ஊற்றினார்.

"இந்த வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லீங்க, மேடம்," என்றார்.